சம்பவம் இருக்கிறது, சிறுகதையாகவில்லை என்கிறார்கள்: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுதிவருகிறேன். இதழ்களுக்கு அனுப்பியவற்றுள் பெரும்பாலானவை ஏற்கப்படவில்லை. காரணம் எழுதும் பொறுமை எல்லா ஆசிரியர்களுக்கும் இருப்பதில்லை. ஆனால் எழுதியவர்கள் ஏறக்குறைய ஒரே தொடரைத்தான் எழுதியிருக்கிறார்கள்: ‘சம்பவம் இருக்கிறது, சிறுகதையாகவில்லை.’ நடந்ததை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறேன், மொழியில் பிழை இல்லை, படித்த நண்பர்கள் மனம் கனத்துப்போனது என்றும் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன சேர்ந்தால் அது சிறுகதையாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும் என்பதால், அண்மையில் எழுதிய ஒரு கதையின் சுருக்கத்தை இங்கே தருகிறேன். தந்தை இறந்த பிறகு, பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, வீட்டுப் பொருட்களைப் பங்கிட்டுக்கொள்ள அண்ணன் வீட்டுக்கு வருகிறான். எந்தப் பொருள் யாருக்கு என்று ஒரு பட்டியல் முன்பே தயாராக இருக்கிறது. அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதியது அது. அம்மாவின் தையல் இயந்திரம் தம்பியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. தனக்கு அது பயன்படாது என்று தம்பி சொல்கிறான். அம்மாவின் நினைவாக நீதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் வற்புறுத்துகிறான். இயந்திரத்தின் மேல் பாதி தைத்த துணி ஒன்று கிடக்கிறது. அண்ணி அதை எடுத்து மடித்து ஓரமாக வைக்கிறாள், பிறகு இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். தம்பி இயந்திரத்தை வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறான். அன்றிரவு அதன் இழுப்பறையைத் திறக்கும்போது அம்மா பயன்படுத்திய நூற்கண்டு கிடைக்கிறது. உறவுகளைப் பொருட்களால் பங்கிட முடியாது என்பதை அவன் உணர்ந்து கண்ணீர் விடுவதோடு கதை முடிகிறது.

எட்டுப் பக்கங்களில் முதல் மூன்று பக்கங்கள் சகோதரர்களின் சிறுவயது, அடுத்த இரண்டு அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்த வரலாறு, மீதி மூன்றில்தான் பங்கீடு. கடைசிப் பத்தியை நீக்கிவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். நீக்கிப் பார்த்தால் கதை என்ன சொல்ல வந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. சம்பவம் கதையாவது எந்த இடத்தில்? எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் இந்தக் கதையையே எடுத்துக்கொண்டு பேசினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஒற்றைப்பனை

உங்கள் சுருக்கத்தை நிதானமாகப் படித்தேன். நீங்கள் தேடுகிற கதை அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பாதி தைத்த துணி ஒன்று கிடக்கிறது; அண்ணி அதை எடுத்து மடித்து ஓரமாக வைக்கிறாள்’ என்ற வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். துணி பாதி தைத்த நிலையில் இருக்கிறது என்றால், அந்த இயந்திரத்தில் இன்றும் யாரோ தைக்கிறார்கள். அது நினைவுப் பொருள் அன்று. ஒருத்தி அன்றாடம் பயன்படுத்துகிற கருவி. அதைத் தன் கையாலேயே மைத்துனனின் பெயருக்கு எதிரே அவள் எழுதியிருக்கிறாள். அண்ணன் சொல்லியிருக்கிறான், அவள் எழுதியிருக்கிறாள். உங்கள் எட்டுப் பக்கத்தில் மிகப் பெரிய இழப்பு அவளுடையதுதான், அவளைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரு வரி.

எழுதுகிறவனின் கை சில இடங்களில் அவன் திட்டமிட்டதைவிடக் கூடுதலாக அறிந்து எழுதிவிடுகிறது. முதல் வரைவை முடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை மொழியைத் திருத்துவது அன்று. அழைக்கப்படாமல் வந்து நிற்கிற இப்படிப்பட்ட வரிகளைத் தேடுவதுதான். நீங்கள் சொல்லத் தீர்மானித்துக்கொண்ட கருத்துக்குத் தேவைப்படாமலும் வரைவில் இடம்பிடித்துவிட்ட ஒரு செயல், ஒரு பொருள், ஒரு பாத்திரத்தின் மௌனம் ஆகியவற்றை அடிக்கோடிட்டு வையுங்கள். பெரும்பாலும் கதை அங்கிருந்துதான் தொடங்கும்.

சம்பவத்துக்கும் சிறுகதைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்பதற்கு விடை சொல்வதோடு சம்பவம் நின்றுவிடும். அது யாருக்கு நடந்தது, அந்த நபரால் அதைப் பற்றி எதைச் சொல்ல முடியவில்லை என்ற கேள்விகள் எழும்போது சிறுகதை தொடங்குகிறது. உங்கள் கதையில் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான், அழுதும்விடுகிறான். அவனுக்குள் சொல்லப்படாதது எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே வாசகருக்கும் செய்வதற்கு எதுவும் இல்லை.

நம் சங்க அகப்பாடல்களில் கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாடலும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என யாரோ ஒருவருடைய வாய்மொழியாகவே அமைகிறது. தலைவி தலைவனோடு வீட்டைவிட்டுச் சென்றுவிட்டாள் என்பது ஒரே நிகழ்ச்சிதான். செவிலி சொல்லும்போது அது வெறுமையான வீட்டைப் பற்றிய புலம்பலாகிறது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் சொல்லும்போது அந்த இளம் இணையைப் பற்றிய பரிவாகவும் வியப்பாகவும் மாறிவிடுகிறது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தக் கட்டத்தில் பேசுகிறார் என்ற மூன்றையும் முடிவுசெய்த பிறகே அங்கே பாடல் பிறக்கிறது. பத்து வரிக்குள் முடியும் ஒரு குறுந்தொகைப் பாடல் ஒரு முழு வாழ்க்கையைத் தாங்கி நிற்பதற்கு இந்த முடிவு ஒரு முக்கியமான காரணம். சிறுகதைக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: கதையை அண்ணியின் பார்வையில் எழுதுங்கள். பட்டியலை எழுதுவதற்கு அவள் உட்காரும் இடத்தில் தொடங்குங்கள்.

மறுமொழி: நள்ளிரவு வாசகர்

ஒற்றைப்பனை அவர்கள் கண்டெடுத்தது மிகச் சரியான வரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சொல்லும் தீர்வை ஏற்கத் தயங்குகிறேன்.

அண்ணியின் மனத்துக்குள் நாம் நுழைந்துவிட்டால், அந்த இயந்திரம் தனக்கு என்ன என்பதை அவள் எப்படியும் நினைத்தே ஆக வேண்டும். பட்டியலில் அந்த வரியை எழுதும்போது அவள் கை தயங்கியதை நாம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் அது தெரிந்த துயரமாகிவிடும். தியாகம் செய்யும் பெண், புரிந்துகொள்ளாத கணவன் என்ற பழகிய வார்ப்புக்குள் கதை தானாகவே போய் விழும். ஒரு பாத்திரம் பாவம் என்று வாசகர் நினைக்க வேண்டும் என்பதற்காக அதன் மனத்தைத் திறந்துகாட்டுவது, நம்மில் பலரும் நம்பியிருக்கும் வழிதான், ஆனால் பல நேரங்களில் அதுவே கதையை மெலிய வைத்துவிடுகிறது.

தமிழ்ச் சிறுகதையின் தொடக்க காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1915இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சொல்வது மரம். கணவன் நாகராஜன் என்ன எண்ணியிருந்தான் என்பது ருக்மிணிக்கு உரிய நேரத்தில் தெரியவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிர்விட்டபோது மரத்தால் ஓடிவந்து தடுக்கவும் முடியவில்லை. எல்லாம் தெரிந்த, ஆனால் எதுவும் செய்ய இயலாத ஒருவர் சொல்வதால் வருகிற வேதனை அந்தக் கதையினுடையது. இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு: எல்லாவற்றையும் பார்க்கிற, ஆனால் பார்த்ததன் பொருள் தெரியாத ஒருவர் சொல்வது. உங்கள் தம்பிப் பாத்திரத்துக்கு அந்த வழிதான் பொருந்தும். அவன் கவனம் முழுவதும் அண்ணன் மேல் இருக்கிறது. அண்ணன் தன்னை ஏமாற்றுகிறானா, மட்டமான பொருட்களைத் தன் தலையில் கட்டுகிறானா என்றே அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதனால் அண்ணி துணியை மடிப்பது அவன் கண்ணில் படுகிறது, மனத்தில் பதியவில்லை. வாசகரோ அவன் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிடுகிறார். பாத்திரத்துக்குத் தெரிந்ததற்கும் வாசகருக்குத் தெரிந்ததற்கும் இடையே விழுகிற இந்த இடைவெளிதான் கதையை நடத்திச் செல்லும்.

இப்படி எழுதுவதற்கு ஒரு விலை உண்டு: விவரங்கள் மிகத் துல்லியமாக இருந்தாக வேண்டும். ருஷ்ய எழுத்தாளர் அன்டன் செகாவ் 1886இல் தம் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், நிலவொளியை வர்ணித்துக்கொண்டிருப்பதைவிட, அணைக்கரையில் உடைந்த புட்டியின் கண்ணாடித் துண்டு ஒன்று மின்னியதைச் சொன்னாலே நிலவு இரவு வாசகருக்குக் கிடைத்துவிடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இதைச் சிக்கனத்துக்கான அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுப்பைப் பற்றிய அறிவுரையாகப் படுகிறது. ஒரே ஒரு துண்டு மட்டும் போதும் என்றால் அந்தத் துண்டு தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. உங்கள் கதையில் வெறுமனே ‘துணி’ என்று இருப்பது போதாது. அது என்ன துணி? அண்ணியினுடைய துணியாக இருந்தால் பொருள் வேறு. அவள் உடம்புக்குப் பொருந்தாத அளவில் ஒரு சிறுமியின் பள்ளிச் சீருடையாக இருந்து, அந்த வீட்டில் பெண் குழந்தையே இல்லை என்பது வேறொரு வரியில் தெரிந்திருந்தால், அவள் பிறருக்குத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள் என்பதை ஒரு சொல்லாலும் விளக்க வேண்டியிருக்காது.

இழுப்பறையில் கிடைக்கும் நூற்கண்டையும் மாற்றுங்கள். அம்மாவின் நூற்கண்டு நாம் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த உணர்ச்சியைத் தருகிறது. அங்கே ஓர் அளவுச் சீட்டு இருக்கட்டும்: கழுத்து, தோள், கை என்று எழுதி எதிரே எண்கள். பட்டியலை எழுதிய அதே கையெழுத்து.

மறுமொழி: மெய்ப்பு

பார்வை பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டதால், தொடக்கத்தையும் வெட்டுவதையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிறுவயதுப் பக்கங்கள் மூன்றும் உங்களுக்குத் தேவைப்பட்டவை, வாசகருக்குத் தேவைப்படாதவை. அவற்றை எழுதியிராவிட்டால் அந்தச் சகோதரர்களை உங்களுக்கே தெரிந்திருக்காது. ஆகவே அந்த உழைப்பு வீண் என்று எண்ண வேண்டாம், ஆனால் கதைக்குள் அவற்றை வைத்திருக்கவும் வேண்டாம். தம்பி பட்டியலைக் கையில் வாங்கும் கணத்தில் கதை தொடங்கட்டும். பட்டியல் என்பது மிக நல்ல வடிவம். கட்டில், அலமாரி, சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொரு பொருளாகக் கண் இறங்கும்போது, அந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய நாளில் ஒரு துளியை அங்கங்கே சொல்லிவிட முடியும். மனத்தாங்கல் வந்த வரலாற்றுக்கு இரண்டு பக்கம் கொடுத்தீர்கள் அல்லவா, அதற்கு இரண்டு வாக்கியம் போதும். முழுக் காரணம் தெரியாமல் இருப்பதால் எந்த நட்டமும் இல்லை. மனத்தாங்கல் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

வெட்டுவது எப்போதும் நன்மையே என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் கதை ஒன்று இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. பிறந்தநாளன்று கார் மோதி மருத்துவமனையில் கிடக்கும் ஒரு சிறுவன், பிறந்தநாள் கேக்கை வாங்கிச் செல்லாததற்காக அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைக்கும் ஒரு ரொட்டிக்கடைக்காரர் என்பதே கரு. பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கடுமையாக வெட்டிய வடிவம் 1981 தொகுப்பில் வந்தது. சிறுவனின் நிலை என்ன என்பது முடிவாகாமல், தொலைபேசி ஒலிக்கும் இடத்திலேயே அது நின்றுவிடுகிறது. கார்வர் 1983 தொகுப்பில் வெளியிட்ட நீண்ட வடிவத்தில் சிறுவன் இறந்துவிடுகிறான், பெற்றோர் கோபத்தோடு அந்தக் கடைக்காரரைத் தேடிச் செல்கிறார்கள், மூவரும் விடியும்வரை உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டபடி பேசுகிறார்கள். முதல் வடிவம் அச்சத்தைப் பற்றிய கதை. இரண்டாவது ஆறுதலைப் பற்றியது. எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது கதையின் நீளத்தை மட்டும் முடிவுசெய்வதில்லை, கதை எதைப் பற்றியது என்பதையே அது முடிவுசெய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எந்தப் பயிற்சி நூலைக் காட்டிலும் பயன் தரும் என்பேன்.

எனவே கடைசிப் பத்தியை வெட்டுங்கள் என்று உங்களுக்கு அறிவுரை சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தி செய்துகொண்டிருந்த வேலையைக் கதையின் முற்பகுதியில் ஏதோ ஒன்று செய்ய வேண்டும். அதை அமைக்காமல் வெட்டினால் புரியாமல்தான் போகும்; நீங்கள் கண்டதும் அதுவே.

தாழ்வாரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் துணி வரியை நான் அறையை நிரப்புவதற்காகத்தான் எழுதினேன். அதற்குள் இவ்வளவு இருப்பதை நீங்கள் சொல்லும்வரை கவனிக்கவில்லை.

தம்பியின் பார்வையிலேயே திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பட்டியலில் தொடங்குகிறது, சீருடையும் அளவுச் சீட்டும் வந்துவிட்டன. இப்போது இரண்டு இடங்களில் தயங்கி நிற்கிறேன். முதலாவது உரையாடல். இயந்திரத்தைப் பற்றிச் சகோதரர்கள் பேசும் பகுதி தற்போது இப்படி இருக்கிறது:

‘இது எப்படி என் பங்கில் வந்தது?’

‘அம்மா உனக்குத்தானே அதில் சட்டை தைத்துக் கொடுத்தாள். எனக்கு எப்போதும் கடைச் சட்டைதான். உன்மேல்தான் அவளுக்குப் பாசம் அதிகம்.’

‘பழையதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறாய்? அண்ணி இதில் தைக்கிறார்கள் போலிருக்கிறதே.’

‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். நீ எடுத்துக்கொண்டு போ.’

இதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிகிறது. எது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது, முடிவில் தம்பிக்குப் புரிய வேண்டுமா, வேண்டாமா? புரிந்தால் அவன் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? அப்படி எழுதினால் நீதிக்கதையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். புரியவில்லை என்றால் அவன் மிகவும் அற்பமானவனாகத் தோன்றிவிடுவான்.

மறுமொழி: நள்ளிரவு வாசகர்

உரையாடலை முதலில் பார்ப்போம். ‘அண்ணி இதில் தைக்கிறார்கள் போலிருக்கிறதே’ என்று தம்பியே சொல்லிவிட்டால் கதை அந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. வாசகர் தாமே கண்டுபிடித்து வைத்திருந்ததை நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறீர்கள். அது மட்டுமல்லாமல், தெரிந்தே எடுத்துச் செல்கிறவனாகத் தம்பி மாறிவிடுவதால், அதன்பின் இழுப்பறைச் சீட்டு அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

‘உன்மேல்தான் அவளுக்குப் பாசம் அதிகம்’ என்பது இன்னொரு சிக்கல். அது அண்ணன் வாழ்நாள் முழுவதும் மனத்துக்குள் வைத்திருந்த குறை. அப்படிப்பட்ட குறையை ஒருவர் இவ்வளவு தெளிவான வாக்கியமாக எதிராளியிடம் சொல்லிவிடுவது அரிது. ‘எனக்கு எப்போதும் கடைச் சட்டைதான்’ என்பதோடு அவனை நிறுத்திவிடுங்கள். பாசத்தைப் பற்றி அவன் பேசவில்லை, சட்டையைப் பற்றிப் பேசினான்; ஆனால் கேட்டவனுக்கும் வாசகருக்கும் அது போதும். நெடுநாள் பேசாதிருந்தவர்கள் சந்திக்கும்போது பெரும்பாலும் பொருட்களைப் பற்றித்தான் பேசுவார்கள்: வண்டி எத்தனை மணிக்கு வரும், இயந்திரத்தின் காலைக் கழற்றலாமா, கழற்றினால் திருகாணியை எதில் போட்டு வைப்பது. நல்ல உரையாடலில் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் நேரடியாக விடை சொல்வது குறைவாகவே இருக்கும். ‘இது எப்படி என் பங்கில் வந்தது?’ என்று தம்பி கேட்கும்போது அண்ணன் திருகாணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்த விலகல் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளைவிட அதிகம் சொல்லிவிடும். கடைச் சட்டை பற்றிய வரி பிறகு, இயந்திரத்தை இருவரும் சேர்ந்து தூக்கும்போது, மூச்சுவாங்கலுக்கு இடையே வரட்டும்.

அண்ணி இந்தப் பகுதியில் ஒரு சொல்கூடப் பேச வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முழு மௌனம் அவளைப் படமாக்கிவிடும். அவள் பேச வேண்டும், ஆனால் வேலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ‘எண்ணெய் விட்டுத்தான் வைத்திருக்கிறேன், சத்தம் வராது’ என்று தம்பியிடம் அவள் சொல்வதாக வைத்துப் பாருங்கள். பயன்படாமல் கிடக்கும் இயந்திரத்துக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை.

மறுமொழி: ஒற்றைப்பனை

எண்ணெய் பற்றிய அந்த வரியைப் படித்த பிறகு, தம்பியின் பார்வையிலேயே கதை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணியின் கதை வேறொரு கதை. அதை எழுதினால் பங்கீடு நடந்து சில வாரங்கள் கழித்து, சீருடைக்காக யாரோ வாசலில் வந்து கேட்கும் நாளில் தொடங்க வேண்டியிருக்கும். அதையும் ஒருநாள் நீங்கள் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

முடிவைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புரிந்ததா, புரியவில்லையா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு முடிவை எழுத இயலாது, ஏனென்றால் புரிதல் என்பது கண்ணுக்குத் தெரியும் செயல் அன்று. சீட்டைப் பார்த்தவுடன் அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். திருப்பிக் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பது என்ற இரண்டு வழிகளே இருப்பதாக நீங்கள் எண்ணுவதால்தான் நீதிக்கதை, அற்பத்தனம் என்ற இரண்டு பக்கமும் உங்களை அச்சுறுத்துகின்றன. உண்மையில் இடையில் பல செயல்கள் இருக்கின்றன. அவன் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம், அண்ணி எடுக்கலாம், பல ஆண்டுகளுக்குப் பிறகு அழைத்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல், இயந்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லலாம். அல்லது சீட்டில் இருக்கும் அளவுகளை அவளுக்குப் படித்துக்காட்டலாம், அவள் மறுமுனையில் அவற்றை எழுதிக்கொள்ளலாம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்பதை வாசகர் அந்தச் செயலிலிருந்து அளந்துகொள்வார். இயந்திரம் திரும்பிச் செல்லுமா என்பதற்குக் கதை விடை சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அளவுகளைப் படித்துக்காட்டும் முடிவு பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது அவனால் அந்த நேரத்தில் செய்ய முடிந்த மிகச் சிறிய உதவி. முழு நியாயம் ஆகாது, அற்பமும் ஆகாது. ஆனால் உங்கள் தம்பியை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்து ஒன்றே என்பதை எப்படிக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். பட்டியலையும் சீட்டையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எழுத்தாளர் விரல் நீட்டிக் காட்டுவதுபோல் ஆகிவிடும். கதையின் தொடக்கத்திலேயே இதற்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். பட்டியலில் ‘பழைய கட்டில்’, ‘பழைய பெட்டி’ என்று திரும்பத் திரும்ப வரும். அந்த ‘ழ’வின் கீழ்ச்சுழி ஒவ்வொரு முறையும் அடுத்த வரிவரை இறங்கியிருப்பது தம்பியின் கண்ணை உறுத்துகிறது, தனக்கு வருவதெல்லாம் பழையது என்ற எரிச்சலோடு அவன் அந்த எழுத்தைப் பார்க்கிறான். அங்கே அது அவனுடைய கோபத்தைக் காட்டும் விவரமாக மட்டுமே இருக்கும், யாரும் அதற்கு மேல் ஐயப்படமாட்டார்கள். பிறகு அளவுச் சீட்டில் ‘கழுத்து’ என்ற சொல்லில் அதே சுழி இறங்கியிருந்தால் போதும். கையெழுத்து என்ற சொல்லையே நீங்கள் பயன்படுத்த வேண்டியிருக்காது. ஒரு விவரம் முதன்முறை வரும்போது அதற்கென்று வேறொரு வேலை இருக்க வேண்டும் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். பின்னால் பயன்படுத்துவதற்காக மட்டுமே வைக்கப்பட்ட விவரத்தை வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

மறுமொழி: மெய்ப்பு

இரண்டு சிறு குறிப்புகள் மட்டும். அடுத்த வடிவத்தை எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள், குறிப்பாகத் திருகாணிப் பகுதியை. பேச்சு எழுத்து நடைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. ‘உணர்ந்தான்’, ‘தோன்றியது’, ‘புரிந்தது’ என்ற வினைகள் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எடுத்த பிறகும் பொருள் நிற்கும் இடங்களில் அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். சில இடங்களில் நிற்காது. அங்கே தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மனத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாத கதை வேறொரு வகையில் செயற்கையாகிவிடும்.

தலைப்பைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பங்கு, பாகம், உறவு போன்ற சொற்கள் வரும் தலைப்பைத் தவிர்த்துவிடுங்கள்; அவை வாசகரைச் சகோதரர்களின் பக்கமே பார்க்கச் சொல்லும், அதைத் தம்பியின் கோபமே செய்துகொண்டிருக்கிறது. தையல் இயந்திரத்தையும் தலைப்பில் வைக்க வேண்டாம், அது பட்டியலில் மற்றப் பொருட்களோடு ஒன்றாகவே முதலில் தென்பட வேண்டும். ‘அளவுகள்’ என்று வைத்துப் பாருங்கள். பொருட்களை அளந்து பிரிப்பதாகவே முதலில் அதை எடுத்துக்கொள்வார்கள். எழுதி முடித்ததும் இதே இழையில் இடுங்கள். வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.